கட்டிக்கு முன் நீர்: குழந்தைகளின் மூளைக்கட்டியும் அறுவைக்கு முந்தைய நாட்களும்

பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்து சேரும் பெற்றோரிடம், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி மருத்துவர் சொல்லும் முதல் செய்தியே பல நேரம் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. பின்மூளையில் கட்டி இருக்கிறது, அதை எடுத்தாக வேண்டும், ஆனால் இன்றிரவு கவனிக்க வேண்டியது கட்டி அடைத்ததால் மூளைக்குள் தேங்கி நிற்கும் நீரைத்தான் என்கிறார் அவர். “கட்டி இருக்குன்னு சொல்லிட்டு தண்ணியப் பத்தியே பேசுறீங்களே சார், கட்டிய எப்ப எடுப்பீங்க?” என்று தகப்பன் கேட்டால் அது நியாயமான கேள்விதான். நீரை எப்போது வடிக்க வேண்டும், எப்போது வடிக்காமலேயே அறுவைக்குப் போகலாம், வடிப்பதென்றால் எந்த வழியில் என்பதில் மருத்துவ உலகம் 60 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் முடிவைத் திருத்தித் திருத்தி எழுதி வந்திருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு இந்த முடிவில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. மூளை அறுவை செய்யும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரமே அது.

மூளையும் தண்டுவடமும் தெளிந்த ஒரு நீரில் மிதந்தபடி இருக்கின்றன. மூளைத் தண்டுவடத் திரவம் எனப்படும் இந்நீர், மூளைக்குள் இருக்கும் நான்கு அறைகளில், பெரும்பாலும் அங்குள்ள இரத்தநாளப் பின்னல்களிலிருந்து ஊறுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி ஊறினாலும், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். ஆகவே ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீர் முழுவதும் மாறிவிடுகிறது. குழந்தைகளுக்கு அளவு வயதுக்கேற்பக் குறையுமே தவிர, நடைமுறை இதேதான். இரண்டு பக்க அறைகளிலிருந்து மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து சில்வியஸ் குழாய் என்னும் மிகக் குறுகலான பாதை வழியே சிறுமூளைக்கு முன்னால் இருக்கும் நான்காம் அறைக்கும் வந்து, பிறகு மூளையின் வெளிப்பரப்பில் பரவி, கடைசியில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது இந்நீர்.

குழந்தைகளின் மூளைக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி, தலையின் பின்புறக் கீழ்ப்பகுதியில், சிறுமூளையையும் நான்காம் அறையையும் ஒட்டியே தோன்றுகின்றன. மெடுல்லோபிளாஸ்டோமா, பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, எபெண்டைமோமா ஆகிய மூன்றும் அங்கே அதிகம் காணப்படுபவை. கட்டியின் குணம் எதுவானாலும் அது உட்கார்ந்திருக்கும் இடம் நீரின் வெளிவாசல் என்பதால், இப்பகுதிக் கட்டியோடு கண்டறியப்படும் குழந்தைகளில் 10 பேரில் 7 அல்லது 8 பேருக்கு அப்போதே நீர்த்தேக்கம் இருக்கும். மடை அடைபட்ட கண்மாய்க்கு வரத்துக்கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் கரைக்கு என்ன ஆகுமோ அதுதான் இங்கும் நடக்கிறது, ஏனென்றால் உள்ளே அழுத்தம் ஏறியதற்காக நீர் ஊறுவது நின்றுவிடுவதில்லை. உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்குத் தலை பெருத்து ஓரளவு இடம் கொடுக்கும். மண்டையோட்டு எலும்புகள் இறுகிவிட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த இடமும் கிடையாது. கட்டி வளர வாரங்களும் மாதங்களும் ஆகலாம்; நீரின் அழுத்தம் ஒரு குழந்தையைச் சில மணி நேரத்தில் மயக்கத்தில் தள்ளிவிடக்கூடும். மருத்துவர் முதலில் நீரைப் பற்றிப் பேசுவதன் காரணம் இதுதான்.

இந்த நோய் ஏமாற்றும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு எழுகிறான், குபுக்கென்று வாந்தி எடுக்கிறான், எடுத்ததும் தலைவலி குறைகிறது. பத்து மணிக்கு இட்லியைத் தின்றுவிட்டு மற்ற பிள்ளைகளோடு கடற்கரைக்கு ஓடுகிறான். இரவெல்லாம் படுத்தே இருப்பதாலும், உறக்கத்தில் மூச்சு மெதுவாகி இரத்தத்தில் கரியமில வாயு சற்றுக் கூடி மூளையின் இரத்தநாளங்கள் விரிவதாலும் விடியும் வேளையில் உள்ளழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. எழுந்து நடமாடினால் தணிகிறது. பகலில் நன்றாக விளையாடும் பிள்ளைக்குப் பெரிய நோய் இருக்கும் என்று எந்தத் தாயும் நினைக்கமாட்டாள். பித்தம் என்பார்கள், வெயில் என்பார்கள், தொக்கம் எடுப்பார்கள், பள்ளிக்குப் போகப் பயந்து நடிக்கிறான் என்றுகூடச் சொல்வார்கள். இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர்களுமே முதலில் வயிற்றுக்குத்தான் மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் காலை வாந்தி இரண்டு வாரத்தைத் தாண்டியும், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இல்லாமல் தொடர்ந்தால் அது வயிற்றில் இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு. அதோடு நடையில் தள்ளாட்டம், புதிதாக வந்த மாறுகண், தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருத்தல், கைக்குழந்தையானால் கண்கள் கீழ்நோக்கியே செருகி நிற்றல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். கரையின் நெகிழ்மணலில் யார்தான் தள்ளாடாமல் நடக்கிறார்கள்? அதனால் இந்த ஊர்களில் நடையின் கோளாறு தாமதமாகவே கண்ணில் படுகிறது. பிள்ளையைச் சிமெண்டுத் தரையில் ஒரு கோட்டின் மீது, குதிகாலோடு விரல் ஒட்ட நடக்கச் சொன்னால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, சோர்வு என்றதும் காசநோய் மூளைக்காய்ச்சலையும் மருத்துவர் நினைக்கிறார். நினைக்கவும் வேண்டும், அதுவும் மூளையில் நீர் கோக்கச் செய்யும் நோயே. அதைக் கண்டறிய முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். பின்மூளையில் கட்டி அடைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அதே ஊசி உயிராபத்தாக முடியலாம். கீழே நீரை எடுத்ததும் மேலே தேங்கிய அழுத்தம் சிறுமூளையின் அடிப்பகுதியை மண்டையோட்டின் துளை வழியே கீழே தள்ளும். அங்கேதான் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மையங்கள் இருக்கின்றன. எனவே உள்ளழுத்தம் கூடியதற்கான சிறு அறிகுறி இருந்தாலும் முதலில் சி.டி. ஸ்கேன், பிறகுதான் முதுகு ஊசி என்ற வரிசையை மாற்றவே கூடாது. முதல் ஸ்கேனை இராமநாதபுரத்திலேயே எடுத்துவிடலாம் என்பதால் இந்த வரிசையைக் காப்பது இன்று கடினமானதல்ல.

ஸ்கேனில் கட்டியும் நீரும் தெரிந்த பிறகு, மதுரைக்குக் கிளம்பும் முன்பும் வழியிலும் செய்யப்படுபவை சிறியவை. ஆனால் குழந்தை எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதை அவையே முடிவு செய்கின்றன. இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தீவிலிருந்து வெளியேறும் வாகனம் எதுவானாலும் 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். மூன்று மணி நேரத்துக்கும் மேலான இந்தப் பயணத்தில் தலைப்பக்கம் 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும், கழுத்து எந்தப் பக்கமும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும்; கழுத்து மடங்கினால் மூளையிலிருந்து இறங்கும் இரத்தம் தடைபட்டு அழுத்தம் ஏறும். வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளைக்குக் கைக்குக் கிடைத்த குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. உப்பில்லாத அந்த நீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து மூளை வீக்கத்தை இன்னும் கூட்டும். உப்புச் சத்துள்ள நார்மல் சலைன்தான் இங்கே ஏற்றது. அழுது புரள்கிறான் என்று தூக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தானது. மூச்சு மந்தமாகி கரியமில வாயு கூடுவதோடு, குழந்தை நினைவிழந்து வருகிறதா மருந்தில் தூங்குகிறதா என்று பிரித்தறியவும் முடியாமல் போகும். எம்.ஆர்.ஐ. எடுக்க அசையாமல் படுக்க வேண்டும் என்பதற்காகத் தரும் மயக்க மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டுமே அது நடக்க வேண்டும். நாடித்துடிப்பு மெதுவாகி, இரத்த அழுத்தம் ஏறி, மூச்சு ஒழுங்கு தவறினால் மூளைத்தண்டு நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் மருந்தோ 3 சதவீத உப்பு நீரோ கொடுத்து, அறுவை அரங்கு வரை உயிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தைச் சம்பாதிக்கலாம். அது தீர்வாகாது.

இந்தக் கட்டத்தில் மிகப் பெரிய உதவியைச் செய்யும் மருந்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நீர் ஊறுவதை அது நிறுத்துவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள மூளைத்திசுவின் வீக்கத்தைத் தணிக்கிறது. வீக்கம் வடிந்ததும் அடைபட்ட பாதையில் சிறிது வழி கிடைப்பதுண்டு. ஒரு நாளுக்குள் வாந்தி நின்று, தலைவலி குறைந்து, பிள்ளை சோறு கேட்கிறது. இந்த மாற்றத்தைப் பார்க்கும் குடும்பத்தில் சிலர், நோய் தணிந்துவிட்டது, ஊருக்குப் போய்ப் பணம் புரட்டிக்கொண்டு வருகிறோம் என்று எழுத்து வாங்கிக் கிளம்பிவிடுகிறார்கள். கட்டி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மருந்து நின்றதும் வீக்கம் திரும்பும் என்பதை அப்போதே, கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது மருத்துவரின் பொறுப்பு. ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் வயிற்றுப் புண்ணைத் தடுக்கும் மருந்தும் இரத்தச் சர்க்கரைச் சோதனையும் உடன் இருக்க வேண்டும்.

நீரை வடிக்கும் வழிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதன் முக்கியமான பக்கம் ஒன்று தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பின்மூளைக் கட்டியோடு வரும் குழந்தைகள் பெரும்பாலும் முற்றிய நிலையில், வாந்தியால் வாடி, நினைவு மங்கி வருவார்கள். அழுத்தம் குறையாத தலையைத் திறப்பதே உயிருக்கு உலை வைத்தது. கட்டியைத் தொடும் முன்பே மூளை அறையிலிருந்து இதயத்தின் மேலறைக்கு ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி நீரை வடியவிட்டு, குழந்தையைத் தேற்றி, பிறகு கட்டியை எடுக்கும் முறையை ஜேக்கப் ஆபிரகாமும் சாண்டியும் 1963-இல் வெளியிட்டார்கள். ஷண்ட் எனப்படும் இந்தக் குழாயை முன்கூட்டியே வைக்கும் வழக்கம் பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. குழாயின் மறுமுனை பின்னாளில் இதயத்துக்குப் பதிலாக வயிற்றறைக்கு மாறியது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட் போன்ற விலை குறைந்த கருவிகளால் அது ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டியது.

அன்றைய நிலையில் அது எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் காலப்போக்கில் அதன் விலை தெரியவந்தது. ஷண்ட் வைத்த குழந்தைகளில் 10-க்கு 3 அல்லது 4 பேருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அது அடைத்தோ தொற்று ஏற்பட்டோ செயலிழக்கிறது. நீர் மேலிருந்து வேகமாக வடிந்துவிட்டால், கீழேயுள்ள கட்டி சிறுமூளையை மேல்நோக்கித் தள்ளி மூளைத்தண்டை நசுக்கும் ஆபத்தும் கட்டிக்குள் இரத்தக் கசிவும் உண்டு; அரிதாகப் புற்றணுக்கள் குழாய் வழியே வயிற்றுக்குப் போனதும் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, கட்டியை நன்றாக எடுத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நீரின் பாதை தானே திறந்துகொள்கிறது என்பதுதான். அறுவைக்குப் பிறகும் நிரந்தர வடிகால் தேவைப்படுவோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லோருக்கும் முன்கூட்டியே ஷண்ட் வைத்தால், தேவையே இல்லாத பிள்ளைகளையும் வாழ்நாள் முழுவதும் ஒரு குழாயோடு கட்டிவைத்ததாகிவிடும்.

குழாயே இல்லாத ஒரு வழியும் உண்டு. முன்மண்டையில் சிறு துளையிட்டு எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, மூன்றாம் அறையின் மெல்லிய தரையில் ஒரு துளை போட்டு நீரை நேரடியாக வெளிப்பரப்புக்கு வடியவிடுவார்கள். 2001-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனைக் குழு, கட்டியை எடுக்கும் முன் இதைச் செய்த குழந்தைகளில் 6 சதவீதத்தினருக்கு மட்டுமே பிறகும் நீர்த்தேக்கம் தங்கியது என்றும், செய்யாதவர்களில் அது ஏறத்தாழ 27 சதவீதம் என்றும் வெளியிட்டது. இதைப் பார்த்துப் பலர் எல்லோருக்குமே செய்யலாம் என்றார்கள். அதே எண்களைத் திருப்பிப் பார்த்தால், துளை போடாதவர்களிலும் 10-க்கு 7 பேருக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை என்பதும் தெரிகிறதே என்று மற்றவர்கள் கேட்டார்கள். எனக்கு இரண்டாவது வாதமே வலுவானதாகத் தெரிகிறது. துளையிடும் இடத்துக்கு நேர் கீழே மூளையின் முக்கியத் தமனி ஒன்று ஓடுகிறது. கட்டி மூளைத்தண்டை முன்னால் தள்ளியிருந்தால் அந்த இடைவெளியே இருக்காது. ஆறு மாதம்கூட நிரம்பாத குழந்தைகளுக்கு அது பலிப்பதும் குறைவு. அறுவையைப் பல நாட்கள் தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் உள்ள குழந்தைக்கும், கட்டியை எடுத்த பிறகும் நீர் தங்கிவிடும் குழந்தைக்கும் அது அருமையான வழி.

யாருக்கு நீர் தங்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கக் கனடாவைச் சேர்ந்த மருத்துவர்கள் 2009-இல் 10 புள்ளிகள் கொண்ட ஒரு கணிப்பு முறையைக் கொடுத்தார்கள். வயது இரண்டுக்குக் கீழே இருந்தால் 3, கட்டி மூளையின் வேறு பகுதிக்குப் பரவியிருந்தால் 3, நீர்த்தேக்கம் மிதமாகவோ அதிகமாகவோ இருந்தால் 2, கண்நரம்பு முனையில் வீக்கம் இருந்தால் 1, படத்தைப் பார்க்கும்போதே மெடுல்லோபிளாஸ்டோமா, எபெண்டைமோமா போன்றது எனத் தோன்றினால் 1. மொத்தப் புள்ளி 5 அல்லது அதற்கு மேல் வந்தால், அறுவைக்குப் பின்னும் வடிகால் தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

இப்போது பெரும்பாலான இடங்களில் கடைப்பிடிக்கப்படும் நடைமுறை இந்தப் பாடங்கள் எல்லாவற்றிலிருந்தும் திரண்டது. விழித்திருந்து பேசும் குழந்தைக்கு ஸ்டீராய்டு தொடங்கி, மணிக்கு மணி நினைவைக் கவனித்து, ஓரிரு நாளில் கட்டியை எடுத்துவிடுகிறார்கள். மயங்கத் தொடங்கிய குழந்தைக்கு உடனடியாகவும், மற்றவர்களில் தேவையானவர்களுக்கு அறுவை மேசையிலும் தற்காலிக வெளிவடிகால் ஒன்று வைக்கிறார்கள். மூளை அறையில் நுழைத்த மெல்லிய குழாய் தலைத்தோலுக்கு அடியில் சிறிது தூரம் ஓடி வெளியே வந்து, படுக்கையோரக் கம்பத்தில் மாட்டிய அளவுக் குப்பியில் சொட்டும். குப்பியின் உயரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. காது மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, அதற்கு மேல் 10 அல்லது 15 சென்டிமீட்டரில் அதை வைக்கிறார்கள். உள்ளழுத்தம் அந்த உயரத்தைத் தாண்டினால்தான் நீர் சொட்டும். பால் கொடுக்கத் தாய் பிள்ளையைத் தூக்கி மடியில் உட்கார வைத்தால் தலை உயர்ந்துவிடும், குப்பியோ இருந்த இடத்திலேயே இருக்கும். அடுத்த சில நிமிடங்களில் தேவைக்கு மேல் நீர் கொட்டி, சிறுமூளை மேலேறும் அந்த ஆபத்து வந்துவிடும். எனவே பிள்ளையைத் தூக்கும் முன் நர்ஸைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொல்ல வேண்டும், படுக்கவைத்து மட்டம் பார்த்த பிறகு திறக்கச் சொல்ல வேண்டும். இதைத் தாய்க்கும், இரவில் மாற்றுக்கு இருக்கும் அம்மாச்சிக்கும் முதல் நாளே செய்து காட்டிவிட்டால் வார்டில் பாதிக் கவலை குறையும். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், கட்டியை எடுத்த சில நாட்களில் அதை மூடிப் பார்த்து, குழந்தை தாங்கினால் எடுத்துவிடுவார்கள்.

தூரத்தின் கணக்கு இங்கேதான் நுழைகிறது. ஷண்ட் அடைத்தால் குழந்தைக்கு மீண்டும் அதே தலைவலி, அதே வாந்தி, அதே மயக்கம். சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்கு தேவைப்படும். மதுரை நகருக்குள் வாழும் பிள்ளைக்கும் தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ வாழும் பிள்ளைக்கும் இந்தச் சில மணி நேரம் ஒன்றல்ல. ஆகவே கடற்கரையிலிருந்து வரும் குழந்தைக்கு நிரந்தரக் குழாயைத் தவிர்க்க முடியுமானால், வார்டில் இன்னும் சில நாட்கள் கூடுதலாக வைத்துக் கவனித்தாவது தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். எண்டோஸ்கோப் துளையும் அபூர்வமாகத் திடீரென்று அடைத்துக்கொள்வதுண்டு. குழாய் இல்லை என்பதால் கவலையே இல்லை என்று எவரும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. கணிப்பு முறை 7, 8 என்று புள்ளி காட்டும் ஒரு வயதுக் குழந்தைக்கோ நிலைமை வேறு. அதற்கு வடிகால் வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லி, தந்தை கடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் யார் வண்டி பிடிப்பது, யாரிடம் பணம் இருக்கும் என்பதுவரை குடும்பத்தோடு பேசி வைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, மூளை அறுவைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது ஈடுகட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் வருமானம் நின்றுபோகிறது. பிள்ளையின் தலைவலியைத் தடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது அந்த மாதங்களில்தான் நிகழ்கிறது. காப்பீட்டு அட்டையும் குடும்ப அட்டையும் ஆதாரும் ஒரே உறையில் எப்போதும் தயாராக இருந்தால், நோய் தெரிந்த இரவில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதற்கும் 108 வண்டி உண்டு.

வீடு திரும்பும் நாளில் கையில் வாங்க வேண்டிய பொருள்களில் முக்கியமானது கடைசியாக எடுத்த சி.டி. படம். நலமாக இருந்தபோது மூளை அறைகள் எந்த அளவில் இருந்தன என்பதை அதுதான் காட்டும். ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் பிள்ளை வாந்தி எடுத்தால், இராமநாதபுரத்தில் எடுக்கும் புதுப் படத்தை அதனோடு ஒப்பிட்டு, நீர் மீண்டும் தேங்கியிருக்கிறதா வெறும் வயிற்றுக் கோளாறா என்பதை அங்குள்ள மருத்துவரே சொல்லிவிட முடியும். படத்தை வெயில் படும் தகரக் கூரைக்கடியில் சுருட்டிச் செருகாமல் தட்டையாக வைத்து, கைப்பேசியிலும் ஒரு நகல் எடுத்து, தாய், தகப்பன் இருவரின் கைப்பேசியிலும் அது இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தோடு என்ன அறுவை நடந்தது, வடிகால் உள்ளதா இல்லையா, உள்ளதென்றால் எந்த வகை, எந்தப் பக்கம், அவசரத்தில் கூப்பிட வேண்டிய வார்டு எண் எது என்பவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். கேட்டால் பெரும்பாலோர் எழுதித் தருகிறார்கள்.